பத்தாவது தரம் மிதிச்சா என்ன நடக்கும்? கச்சான் காத்தில ஈவியும் பெற்றோல் காரும்

போன கிழமை சித்தியின்ட மகன் வீட்ட வந்து போனை என்ட மூஞ்சிக்கு நேர நீட்டினான், அதில டெஸ்லா மொடல் எஸ் பிளெய்ட் எண்ட கரண்ட் கார் ஒண்டு, பக்கத்தில நிண்ட பெற்றோல் சூப்பர் காரை பச்சை லைட் விழுந்த உடனயே பின்னால விட்டுட்டுப் போகுது. மூண்டு மோட்டர், 1,020 குதிரை, நிண்ட இடத்தில இருந்து மணிக்கு 60 மைல் வாறதுக்கு கிட்டத்தட்ட 2 செகண்ட். "அண்ணா, இனி உங்கட எஞ்சின் கதையெல்லாம் முடிஞ்சுது" எண்டு சொல்லிப்போட்டு அவன் அடுத்த வீடியோவுக்குப் போயிட்டான். நான் அவனிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டன், தம்பி இதே காரை இதே மாதிரி பத்தாவது தரம் மிதிச்சா என்ன நடக்கும்? அவனிட்ட பதில் இல்ல, வீடியோவிலயும் இல்ல.

அந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதுறன். எனக்கு கார் எண்டா சின்ன வயசில இருந்தே உயிர், மூக்கால மணந்து பாத்தே கிளச் எரியுதா பிரேக் எரியுதா எண்டு சொல்லுவன், ஆனா ஈவியை, அதாவது கரண்ட் காரை, வெறுக்குற ஆள் இல்ல. அதேநேரம் 0-100 எத்தனை செகண்ட், எத்தனை குதிரை எண்டு மட்டும் கதைக்கிறது எனக்கு ஒத்து வரேல்ல. என்னைப் பொறுத்தவரைக்கும் வேகமான கார் எண்டுறது பெற்றோலா கரண்டா எண்டுறதைவிட முதல்ல ஒரு சூட்டுக் கதை, உள்ளுக்குள்ள வாற சூட்டை எவ்வளவு கெதியா வெளிய தள்ளுது எண்டுறதுதான் அந்தக் காரின்ட உண்மையான பலம். எங்கட திருகோணமலையில இருந்துகொண்டு இதை யோசிக்காம விட ஏலாது.

கச்சான் காத்து அடிக்கிற மாதங்கள்ல இங்க இருந்தாக்களுக்குத் தெரியும், ஜூன் ஜூலையில பகல் 35, 36 எண்டுறது சாதாரணம், அதுவும் மேற்குப் பக்கமிருந்து வாற அந்தக் காய்ஞ்ச காத்து முகத்தில படக்குள்ள அடுப்படிக்கு முன்னால நிக்கிற மாதிரித்தான் இருக்கும். என்னட்ட ஒரு சின்ன லேசர் தெர்மோமீற்றர் இருக்கு, ஒருநாள் மத்தியானம் 1 மணிக்கு உள்துறைமுக வீதியில வெயிலுக்க நிப்பாட்டின என்ட காருக்குக் கிட்ட போய் தார் ரோட்டைக் குறி வைச்சன், 57 டிகிரி. காருக்குக் கீழ நிழல் விழுந்த இடத்தில 44. ஈவியின்ட பற்றரி படுத்துக் கிடக்குற இடம் சரியா அதுதான், கீழ் தட்டில, ரோட்டைப் பாத்தபடி.

முதல்ல பெற்றோல் பக்கத்தை சொல்லுறன், ஏனெண்டா சூட்டோட மல்லுக்கட்டுறதில பெற்றோல் எஞ்சினுக்கு நூறு வருசத்துக்கு மேல அனுபவம். ஒரு லீற்றர் பெற்றோலுக்குள்ள கிட்டத்தட்ட 9 யூனிட் சக்தி இருக்கு, கரண்ட் பில்லில வருதே அதே யூனிட்தான். அதில சில்லுக்குப் போறது நாலில ஒரு பங்கு மட்டில வரும், மிச்சம் எல்லாம் சூடாத்தான் போகுது, சைலன்சரால கொஞ்சம், ரேடியேற்றரால கொஞ்சம். அதாவது நீங்க 10 லீற்றர் அடிச்சா 7 லீற்றருக்கு மேல காத்தைச் சூடாக்கவே போகுது. 2010 கடைசியில வந்த முதலாவது நிசான் லீஃபின்ட முழுப் பற்றரியும் 24 யூனிட்தான், பெற்றோல் கணக்கில பாத்தா 3 லீற்றர்கூட இல்ல, ஆனா அதை வைச்சு புதுசில 120 கிலோமீற்றர் மட்டில ஓடினது. மோட்டர் தனக்கு வாற கரண்டில 10இல 9 பங்கை சில்லுக்குக் குடுத்திடும், வித்தியாசம் அங்கதான்.

ஆனா பெற்றோல் எஞ்சினுக்கு ஒரு வசதி இருக்கு, அது சூட்டுக்குப் பழகினது. 90 டிகிரி தண்ணியோட ஓடுறது அதுக்கு சுகம், வெளியில 36 டிகிரி எண்டாலும் 54 டிகிரி வித்தியாசம் இருக்கு, அந்த வித்தியாசம் இருக்கிறதாலதான் ரேடியேற்றர் வேலை செய்யுது. பற்றரிக்கு அப்பிடி இல்ல, அது மனுசர் மாதிரி, 20இல இருந்து 35 வரைக்கும்தான் அதுக்குச் சுகம், வெளியில 36 எண்டா வெறும் காத்தால அதை ஆத்த ஏலாது, ஏசி மாதிரி ஒண்டு வேணும். இந்த ஒரு விசயம் விளங்கினா ஈவி பற்றின பாதிக் கதை விளங்கிடும்.

பெற்றோல் காரும் சூட்டைக் கவனிக்காட்டி விடாது. மூண்டு வருசத்துக்கு முதல் கொழும்புக்குப் போகக்குள்ள என்ட பழைய பெற்றோல் கார் கந்தளாய் தாண்டி கொஞ்சத் தூரத்தில சூட்டு முள்ளை மேல ஏத்திட்டுது, ரேடியேற்றர் ஹோஸ் ஒண்டு வெடிச்சு தண்ணி முழுக்க ரோட்டில. நான் மாத்த வேணும் மாத்த வேணும் எண்டு தள்ளிப்போட்ட ஹோஸ். ரோட்டோரத்தில சோளம் அவிச்சு விக்கிற ஐயா ஒராள் போத்தல்ல தண்ணியோட வந்தவர், நான் அவசரத்தில மூடியைத் திறக்கப் போக கையைப் பிடிச்சிட்டார். "தம்பி இப்ப திறந்தா மூஞ்சி வெந்திடும், தண்ணியையும் உடன ஊத்தாதீங்க, ஹெட் வெடிச்சிடும், ஆறட்டும், இருந்து சோளம் சாப்பிடுங்க." முக்கால் மணித்தியாலம் அந்தப் பாலை மரத்துக்குக் கீழ இருந்தன். அவர் கார் ஓடத் தெரியாத மனுசன், சூட்டைப் பற்றி அவருக்குத் தெரிஞ்சது எனக்கு அண்டைக்கு மறந்து போச்சு.

எங்கட பெடியள் ஆசைப்படுற பழைய ஜப்பான் கார்களைப் பாருங்க, எல்லாத்திலயும் இதே கதைதான். மிற்சுபிசி எவோவின்ட 2 லீற்றர் 4ஜி63 டர்போ எஞ்சின் 280 குதிரை எடுத்துது எண்டா அதுக்கு முன் பம்பருக்குள்ள இருக்குற இன்ரகூலர்தான் பாதிக் காரணம், டர்போ அமுக்கின காத்து சூடாகும், சூடான காத்தில ஒட்சிசன் குறைவு, நொக்கிங்கும் (பெற்றோல் தப்பான நேரத்தில தானா வெடிக்கிறது) வரும், அதால எஞ்சினுக்குப் போக முதல் அதை ஆத்துறாங்க. 1997இல வந்த ஹொண்டா சிவிக் டைப் ஆர், ஈகே9 எண்டு சொல்லுற அந்தப் பெட்டி, டர்போவே இல்லாம 1.6 லீற்றரில 8,200 ஆர்பிஎம்மில 185 குதிரை. அது ஜப்பான்ல கிடைக்குற உயர்ந்த ஒக்டேன் பெற்றோலுக்கு எண்டு செய்த எஞ்சின், இங்க 92ஐ அடிச்சுப்போட்டு கச்சான் காத்தில மிதிச்சா நொக்கிங் வரத் தொடங்கும், அதைக் கேட்டு கம்பியூட்டர் ஸ்பார்க்கைப் பிந்தவிடும், நீங்க காசு குடுத்து வாங்கின குதிரையில கொஞ்சம் உங்களுக்குத் தெரியாமலே இறங்கிப் போயிடும். 95 அடிக்கிறாக்கள் பகட்டுக்கு அடிக்கேல்ல.

இனி ஈவி.

வயருக்குள்ள கரண்ட் ஓடினா சூடு வரும், இது எல்லாருக்கும் தெரியும், அயன் பொக்ஸ் கனநேரம் ஓடினாப் பிறகு பிளக்கைத் தொட்டுப் பாத்தா தெரியும். ஆனா கனபேர் யோசிக்காத விசயம் என்னெண்டா கரண்ட் 2 மடங்கானா சூடு 4 மடங்கு, 3 மடங்கானா 9 மடங்கு. நீங்க உவர்மலை ஏத்தத்தில மெல்லமா ஏறக்குள்ள மோட்டருக்குப் போற கரண்டும் ரேஸ் லைட் பச்சையாகக்குள்ள முழுசா மிதிச்சா போற கரண்டும் பல மடங்கு வித்தியாசம், அப்ப சூடு எவ்வளவு கூடும் எண்டு பாருங்க. பற்றரி, இன்வேர்ட்டர் (பற்றரிக் கரண்டை மோட்டருக்கு ஏத்த மாதிரி மாத்துற பெட்டி), மோட்டர் மூண்டும் ஒரே நேரத்தில சூடாகும். அதிலயும் மோட்டருக்குள்ள இருக்குற நியோடிமியம் காந்தம் அளவுக்கு மிஞ்சி சூடானா காந்தத் தன்மையையே இழந்திடும், திரும்பி வராது. அதால காரின்ட கம்பியூட்டர் விடாது, ஒரு அளவுக்கு மேல போனா தானாவே பவரைக் குறைச்சிடும். நீங்க மிதிச்சபடிதான் இருப்பீங்க, கார் போகாது.

மோட்டரின்ட பவருக்கு ரெண்டு கணக்கு இருக்கு எண்டதும் இதாலதான். ஒண்டு கொஞ்ச நேரத்துக்குக் குடுக்கக்கூடிய உச்ச பவர், விளம்பரத்தில போடுறது அது. மற்றது 30 நிமிசம் தொடர்ந்து குடுக்கக்கூடிய பவர், ஐநாவின்ட வாகன விதிகள்ல 85ஆம் இலக்கத்தில அதை எப்பிடி அளக்கிறது எண்டு வடிவா எழுதியிருக்கு. ஒரே மோட்டர்தான், ஒரே செப்புக் கம்பிதான், ஆனா ரெண்டாவது கணக்கு முதலாவதைவிட கனக்கக் குறைய வரும், ஏனெண்டா 30 நிமிசத்துக்கு அந்தச் சூட்டை வெளிய தள்ள வேணும். எங்கட நாட்டில பெற்றோல் காருக்கு வரி சிசி கணக்கில, கரண்ட் காருக்கு கிலோவாட் கணக்கில, அதால இப்ப தேத்தண்ணிக் கடையில இருக்குற ஐயாமார்கூட கிலோவாட் கதைக்கிறாங்க, நல்ல விசயம். ஆனா எந்தக் கிலோவாட் எண்டு கேக்கிறாக்கள் குறைவு. பெற்றோல் எஞ்சினுக்கு இந்தக் கேள்வியே பெரிசா வாறேல்ல, கூலிங் ஒழுங்கா இருந்தா அது உச்ச பவரிலயே கனநேரம் நிக்கும்.

ஜெர்மனியில நூர்பர்க்ரிங் எண்டு 20.8 கிலோமீற்றர் நீளமான ஒரு சுத்து இருக்கு, காட்டுக்குள்ளால ஏத்தமும் இறக்கமும், பெர்ஃபோமன்ஸ் கார் செய்யிற எல்லாரும் அங்கதான் கொண்டுபோய்ப் பாப்பாங்க. ஆரம்பத்தில வந்த மொடல் எஸ் அங்க ஒரு சுத்து முடிய முதலே பவரைக் குறைச்சிட்டுது, நேர் ரோட்டில ராசா மாதிரிப் போன கார். பிளெய்ட் வந்தாப் பிறகு நிலைமை வேற, 2023இல டிராக்குக்கான பிரேக், டயர் எல்லாம் போட்டு 7 நிமிசம் 25 செகண்டில சுத்தினது. பிறகு போர்ஷே டைகான், சியோமி எண்டு வரிசையா வந்து 2025இல சியோமி எஸ்யூ7 அல்ட்ரா 7 நிமிசம் 4.957 செகண்டில சுத்தினது. போன் செய்யிற கொம்பனி. பத்து வருசத்துக்கு முதல் ஆராவது சொல்லியிருந்தா நானே நம்பியிருக்க மாட்டன்.

இதுக்குள்ள எனக்குப் பிடிச்சது டைகான் கதைதான். 2019இல அந்தக் கார் விற்பனைக்கு வர முதல் போர்ஷேக்காரங்க ஒரு பழைய விமான ஓடுபாதையில அதை 0இல இருந்து 200 வரைக்கும் 26 தரம் அடுத்தடுத்து மிதிச்சுக் காட்டினாங்க, எல்லாம் 10 செகண்ட் மட்டில, கெதியா போனதுக்கும் மெல்லமா போனதுக்கும் இடையில வித்தியாசம் 0.8 செகண்ட் மட்டும்தான். நான் தம்பியிட்ட கேட்ட கேள்விக்கு அவங்க அப்பவே பதில் சொல்லிட்டாங்க. எப்பிடிச் செய்தாங்க எண்டா பெரிய பங்கு வோல்ட்டேஜ். மற்றக் கார்கள் 400 வோல்ட்டில ஓடக்குள்ள இவங்க 800 வோல்ட்டுக்குப் போனாங்க. 200 கிலோவாட் வேணும் எண்டா 400 வோல்ட்டில 500 அம்பியர் வேணும், 800இல 250 காணும். கரண்ட் பாதியானா அதே வயரில சூடு நாலில ஒண்டு, மேல சொன்ன கணக்குத்தான் மற்றப்பக்கம் திரும்பி எங்களுக்கு உதவி செய்யுது. அதோட பின் அச்சுக்கு 2 கியர் வைச்சாங்க, அது ஏனெண்டா மோட்டர் வேகமா சுத்தச் சுத்த அதுவே ஒரு டைனமோ மாதிரி எதிர் வோல்ட்டேஜை உண்டாக்கி பற்றரியில இருந்து வாற கரண்டைத் தள்ளும், அதாலதான் ஒரே கியரில ஓடுற கனக்க ஈவிகள் தொடக்கத்தில புலி மாதிரிப் பாய்ஞ்சு 150க்கு மேல போகக்குள்ள மூச்சு வாங்கும்.

கரண்ட் கார் வேகமா போறது புதுசு எண்டு நினைக்கிறாக்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். மணிக்கு 100 கிலோமீற்றரை முதல் முதல்ல தாண்டின காரே கரண்ட் கார்தான், 1899இல பெல்ஜியம்காரன் கமீல் ஜெனாட்சி, 105.88 கிலோமீற்றர். பெற்றோல் கார் பிறகுதான் அதை முந்தினது.

சூட்டுக்கு அடுத்தது காத்து. நுவரெலியாவில ஏப்ரல் சீசனுக்கு மஹகஸ்தொட்ட மலையேத்தப் போட்டி நடக்கும், 1934இல தொடங்கினது. நுவரெலியா கடல் மட்டத்தில இருந்து 1,868 மீற்றர், அங்க காத்தமுக்கம் எங்கட கடற்கரையைவிட அஞ்சில ஒரு பங்கு குறைவு, அப்ப டர்போ இல்லாத எஞ்சின் ஒண்டு கிட்டத்தட்ட அதே அளவு பவரைக் கீழ விட்டுட்டுத்தான் மேல ஏறும். மோட்டருக்கு மூச்சு எடுக்குற வேலையே இல்ல, கொட்டியாரக் குடாவில குடுக்குற பவரை அங்கயும் குடுக்கும். அமெரிக்காவில பைக்ஸ் பீக் மலையில இதைப் பெரிசாக் காட்டினாங்க, முடியிற இடம் 4,302 மீற்றர், 2018இல ரோமன் டூமா ஃபொக்ஸ்வாகன் ஐடி ஆர் எண்ட கரண்ட் காரில 7 நிமிசம் 57.148 செகண்டில ஏறி எல்லாப் பெற்றோல் காரின்ட ரெக்கோட்டையும் உடைச்சார், அந்தக் கார் 1,100 கிலோகூட இல்ல. குளிரான இடம், குறைஞ்ச நேரம், மெல்லிசான காத்து, ஈவி ரேசுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி. மஹகஸ்தொட்டயில ஒருநாள் நல்லாச் செய்த கரண்ட் கார் ஒண்டு ஏறுறதை நான் என்ட கண்ணால பாக்க வேணும்.

திரும்பி எங்கட வெயிலுக்கு வருவம். 2015ஐ ஒட்டின காலத்தில வரி குறைவா இருந்ததால லீஃப் கார்கள் இலங்கைக்குக் கனக்க வந்தது. முதலாவது லீஃபின்ட பற்றரிக்கு தண்ணிக் கூலிங்கும் இல்ல, ஃபேனும் இல்ல, மூடின தகரப் பெட்டி. 2012இல அமெரிக்காவின்ட அரிசோனாவில, அதுவும் எங்களை மாதிரி வெயில் பிரதேசம், சொந்தக்காரர் கனபேர் டாஷ்போட்டில இருக்குற 12 கட்டத்தில ஒவ்வொண்டாக் குறையிறதைக் கண்டு சத்தம் போட்டாங்க, நிசான் பிறகு 5 வருசத்துக்குள்ள 9 கட்டத்துக்குக் கீழ போனா பாக்குறம் எண்டு வாறன்ரியைக் கூட்டினது. பள்ளிக்கூட இரசாயனவியல்ல படிச்ச கணக்குத்தான், 10 டிகிரி கூடினா தாக்கம் கிட்டத்தட்ட 2 மடங்கு வேகமா நடக்கும், பற்றரிக்குள்ள நடக்கிற கெட்ட தாக்கங்களுக்கும் அது பொருந்தும். இப்ப வாற கார்கள் அப்பிடி இல்ல. 2025 பெப்ரவரியில வாகன இறக்குமதி திறந்தாப் பிறகு ரோட்டில கனக்கத் தெரியுதே பீவைடி, அதின்ட அட்டோ 3இல ஏசி வாயுவையே பற்றரியோட ஓடவிட்டு ஆத்துறாங்க, பற்றரியும் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பொஸ்பேற்று) வகை, கொஞ்சம் பாரம் கூட, ஆனா சூட்டைத் தாங்கும், ஆயுசும் கூட. அந்தக் கார் 0-100க்கு 7.3 செகண்ட். குடும்பத்தோட கோணேசர் கோயிலுக்குப் போற கார், நாங்க இளவட்டத்தில கனவு கண்ட ஹொட் ஹச் எண்ட வேகமான சின்னக் கார்களுக்குப் பக்கத்தில நிக்குது. இதை மறுக்கிறதில எந்தக் கெட்டித்தனமும் இல்ல.

எங்கட மாமா ஒராள் பாலையூத்தில இருக்கிறார், கரண்ட் கார் வைச்சிருக்கிறார், பகல்ல எங்க போனாலும் வேம்பு நிழல் தேடித்தான் நிப்பாட்டுவார், வந்த உடன சார்ஜ் போடவே மாட்டார், சாப்பிட்டு செய்தி பாத்து 10 மணிக்குப் பிறகுதான் வயரைக் கொண்டு வருவார், 80 வீதத்துக்கு மேல அவசியமெண்டாத்தான் ஏத்துவார். ஆரும் சொல்லிக் குடுக்கேல்ல, "மாடு ஓடிக் களைச்சு வந்தா உடன தண்ணி காட்டமாட்டம்தானே" எண்டார். எனக்கு அவரைப் பாக்கக்குள்ள ஒரு நல்ல டிராக் எஞ்சினியரைப் பாக்குற மாதிரி இருக்கும்.

ஆனா இதில ஒரு சிக்கல் இருக்கு. நாட்டில கரண்ட் மிஞ்சுறது மத்தியானத்தில, சோலார் உச்சத்தில நிக்கக்குள்ள. 2025 ஏப்ரல் புத்தாண்டு லீவுக்கு கூரைச் சோலாரை நிப்பாட்டி வையுங்க எண்டு மின்சார சபையே கேட்டது, சம்பூரிலயும் சோலார் நிலையத்துக்கு அந்த மாதம்தான் தொடக்கம் செய்தாங்க. இரவில ஏத்துற கரண்டில கனக்க நிலக்கரியும் எண்ணெயும் எரிச்சு எடுத்த கரண்ட். அப்ப நாட்டுக்கு நல்லது பகல்ல ஏத்துறது, பற்றரிக்கு நல்லது இரவில ஏத்துறது, ரெண்டையும் சேர்த்துவைக்கிறது நிழல். கந்தோர், பஸ் ஸ்டாண்ட், ஆஸ்பத்திரி வளவு மாதிரி இடங்கள்ல சோலார் தகட்டையே கூரையாப் போட்டு அதுக்குக் கீழ சார்ஜ் பொயின்ட் வைச்சா காருக்கு நிழலும் கிடைக்கும், கரண்டும் கிடைக்கும். சாதாரண 13 அம்பியர் பிளக்கில 3 கிலோவாட்தான் வரும், 60 யூனிட் பற்றரிக்கு 20 மணித்தியாலம், ஆனா 8 மணித்தியாலம் வேலை செய்யிற ஆளின்ட கார் அந்த நேரத்துக்குள்ள 24 யூனிட் ஏத்தினாலே ஒரு கிழமை ஊருக்குள்ள ஓடலாம்.

2022 பெற்றோல் தட்டுப்பாட்டை நினைச்சா இப்பவும் மனம் கனக்குது. சீனக்குடாவில வெள்ளைக்காரன் கட்டின 99 எண்ணெய்த் தாங்கி, ஒவ்வொண்டும் ஆயிரக்கணக்கான தொன் கொள்ளும், அதுக்குப் பக்கத்து ஊர்ச் சனம் ராப்பகலா பெற்றோல் ஷெட்டில வரிசையில நிண்டுது, பிறகு கியூஆர் கோட் முறை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். ஈவிக்காரனும் தப்பேல்ல, அந்த மார்ச் கடைசியில ஒருநாள் 13 மணித்தியாலம் கரண்ட் இல்ல. ஒண்டையே நம்பி இருக்கக்கூடாது எண்டு எனக்கு அப்பதான் வடிவா விளங்கினது, இப்பவும் என்ட ஆசை வீட்டில ஒரு ஈவி, ஒரு பழைய பெற்றோல் கார்.

பெற்றோல் காரை ஏன் விட மனமில்ல எண்டு கேட்டா, பாரம். ஹுண்டாய் அயோனிக் 5 என் எண்டுறது டிராக்குக்கெண்டே செய்த ஈவி, 650 குதிரை மட்டில, பற்றரியை ஓட முதலே சரியான சூட்டுக்குக் கொண்டு வந்து வைக்கும், நூர்பர்க்ரிங்கை முழுப் பவரோட ரெண்டு சுத்து சுத்தும் எண்டு சொல்லித்தான் செய்தாங்க, எனக்குச் சரியான மரியாதை. ஆனா 2,200 கிலோ. ஈகே9 அதில பாதி. 100இல போற காரை நிப்பாட்ட வேணும் எண்டா பாரம் 2 மடங்கானா சக்தியும் 2 மடங்கு, வளைவில டயர் பிடிக்க வேண்டியதும் அதே மாதிரிக் கூடும். எங்கட ரோட்டில சட்டப்படி 70தான், ஊருக்குள்ள 50, அந்த வேகத்துக்குள்ள சந்தோசம் தாறது 1,000 குதிரை இல்ல, சின்னக் கார், மெல்லிசுக் கார், ஸ்டியரிங்கில ரோடு தெரியிற கார். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில பின்னேரம் வளைவு திரும்ப யானை ரோட்டுக்கு நடுவில நிக்கும், அந்த இடத்தில உங்களுக்கு வேணும் எண்டது 0-100 இல்ல, 70-0.

சத்தத்தைப் பற்றியும் சொல்லிடுறன். அயோனிக்கில பொய்க் கியர் 8 இருக்கு, கியர் மாறுற மாதிரி ஒரு வெட்டு, ஸ்பீக்கரில எஞ்சின் சத்தம். கனபேர் நக்கல் அடிக்கிறாங்க, எனக்கு அதில ஞாயம் தெரியுது. சத்தம் எண்டுறது ஓட்டுறவனுக்கு ஒரு மீற்றர், கண்ணை ரோட்டில இருந்து எடுக்காம எவ்வளவு வேகத்தில வளைவுக்குள்ள போறன் எண்டு காதால தெரிஞ்சுகொள்ளுறது. அது இல்லாட்டி வேகம் தெரியாது, வேகம் தெரியாம ஓடுறது ஆபத்து. எனக்கெண்டா ஹொண்டாவின்ட வீடெக் எஞ்சின் 5,500 ஆர்பிஎம்முக்கு மேல குரல் மாத்துற அந்த ஒரு கணத்துக்கு ஈடில்ல, அதை ஸ்பீக்கரால தர ஏலாது, ஆனா முயற்சி செய்யிறவனை நான் மதிக்கிறன்.

எங்கட கராஜ் பாஸ்மாரைப் பற்றி ஒரு கவலை இருக்கு. 4ஜி63ஐ கண்ணைக் கட்டிக்கொண்டு கழட்டிப் பூட்டக்கூடிய கைகள் இந்த ஊரில இருக்கு, ஆனா ஈவியில உயர் வோல்ட்டேஜ் போற அந்தச் செம்மஞ்சள் வயரைத் தொட முதல் 1,000 வோல்ட்டுக்கான இறப்பர் கையுறை வேணும், பற்றரியைக் கழட்டிவிட்டு மீற்றர் வைச்சுப் பாத்துத்தான் கை வைக்க வேணும், 400 வோல்ட் டிசி பிடிச்சா விடாது. உப்புக் காத்தில கனெக்டர் கறள் பிடிக்கிற ஊர் இது. தொழில்நுட்பக் கல்லூரிகள்ல இதை உடனடியாப் படிப்பிக்க வேணும், பாஸ்மார் வந்து படிக்கிற மாதிரி பின்னேர வகுப்பா.

சரி, தம்பியிட்ட நான் கேட்ட கேள்விக்கு வாறன். ஞாயிற்றுக்கிழமை விடிய 5.30க்கு நிலாவெளி தாண்டி குச்சவெளிப் பக்கம், ஆளரவமில்லாத நேர் ரோடு. கூட்டாளி ஒருத்தன்ட புது ஈவி, என்ட பழைய பெற்றோல் கார், லேசர் தெர்மோமீற்றர், கூட தம்பியும். சட்டத்துக்குள்ளதான், 0இல இருந்து 70, பிறகு மெல்ல இறக்கி நிப்பாட்டு, திரும்பவும், பத்துத் தரம். ஈவியின்ட பற்றரி தொடங்கக்குள்ள 29 டிகிரி, பத்தாவது தரம் முடியக்குள்ள 34, பவரில ஒரு குறையும் இல்ல, ஏசி கொம்பிரசர் மட்டும் நாங்க நிப்பாட்டினாப் பிறகும் கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு இருந்துது. என்ட காரும் பத்துத் தரமும் ஒரே மாதிரித்தான் போச்சு, மெல்லமா, ஆனா ஒரே மாதிரி. பிறகு முன் சில்லுக்குக் கிட்ட குனிஞ்சு டிஸ்க்கைக் குறி வைச்சன். என்ட கார் 168 டிகிரி, பிரேக் மணம் வேற. ஈவி 51, அது நிப்பாட்டக்குள்ள மோட்டரையே டைனமோவாக்கி சக்தியைத் திருப்பிப் பற்றரிக்கு அனுப்பினது, பிரேக்குக்குப் பெரிசா வேலையே வரேல்ல. பாரம் கூடின காரின்ட பிரேக் ஆறிப்போய்க் கிடக்குது, மெல்லிசுக் காரின்டது கொதிக்குது. தம்பி மீற்றரை வாங்கி நாலு சில்லையும் திரும்பத் திரும்ப அளந்தான், வெயில் ஏறத் தொடங்கிட்டுது வா போவம் எண்டு நான் கூப்பிடக் கூப்பிட கேக்கேல்ல, 168ஐயும் 51ஐயும் படம் எடுத்து அந்த பிளெய்ட் வீடியோவை அவனுக்கு அனுப்பினவனுக்கே அனுப்பிப்போட்டுத்தான் காருக்க ஏறினான்.